தபாலில் ஆடிய ஏழு வாசல்

எண் 1
18-3-2019, திங்கட்கிழமை, காலை 9.20

திரு. வெற்றியாளர் அவர்களுக்கு,

நம் இரு வீடுகளுக்கும் இடையே பதினொரு பேருந்து நிறுத்தங்களே உள்ளன என்பதையும், இருவரிடமும் தொலைபேசி இருப்பதையும் நான் மறந்துவிடவில்லை. ஆயினும், தொலைபேசியில் சொன்னதை மறுநாளே சொல்லவில்லை என்று சாதிக்கும் வழக்கம் உனக்கு 1976 முதல் உண்டு. எழுத்துக்குத் தேதி உண்டு. எனவே எழுதுகிறேன்.

சென்ற 9-3-2019 சனிக்கிழமை மாலை 6.35 மணிக்கு, ஓய்வுபெற்றோர் மன்றக் கூடத்தில், நாற்பத்திரண்டு பேர் பார்த்திருக்க, நீயும் நானும் ஏழு வாசல் பலகை ஆட்டப் போட்டியின் இறுதிச் சுற்றில் அமர்ந்திருந்தோம். உன் கோட்டையின் ஆறு வாசல்களை நான் பிடித்திருந்தேன். என் கோட்டையில் நீ பிடித்தவை நான்கு. ஏழாவது வாசலுக்கு முன்னால் என் காவலர் நின்றுகொண்டிருந்தார். உள்ளூர்க் கேள்விகளின் கட்டிலிருந்து நீ ஓர் அட்டையை எடுத்துப் படித்தாய்: “இரும்புப் பாலம் மக்களுக்குத் திறக்கப்பட்ட ஆண்டு எது?”

1975 என்றேன். நீ அட்டையைத் திருப்பிக் காட்டினாய். 1974.

அந்தப் பாலத்தின் கட்டுமான அலுவலகத்தில் ஆவண எழுத்தராக இருந்தவன் நான். 1974 என்பது தூணில் பதித்த கல்லின் ஆண்டு. பாலம் திறந்தது 16-11-1975 ஞாயிற்றுக்கிழமை. அன்று உன் அக்காவும் நானும் அதன்மேல் நடந்தோம். திருமணமாகி நான்கு மாதம். இருபது வயதுப் பிள்ளையாய் நீ பின்னாலேயே வறுத்த கடலை தின்றுகொண்டு வந்தாய். தோலை ஆற்றில் போட்டாய். இவ்வளவும் தெரிந்த நீ, “அட்டையில எழுபத்து நாலுன்னு இருக்கு அத்தான், நான் என்ன செய்ய?” என்றாய். என் வழியில் சுவர் எழுப்பினாய். அடுத்த மூன்று சுற்றில் வென்றாய். பின்வரிசையிலிருந்து ஒருவர், “காலண்டரே கிழிஞ்சு போச்சுடோய்!” என்று கூவினார். கூடம் சிரித்தது. நீயும் சிரித்தாய்.

மறு ஆட்டம் கோருகிறேன். தபால் மூலம். தோற்பவர் 25-5-2019 ஆண்டு விழாவில் எழுந்து நிற்க வேண்டும். நீ தோற்றால், “பாலம் 1975இல் திறந்தது எனக்குத் தெரியும், தெரிந்தே அட்டையைக் காட்டினேன்” என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். நான் தோற்றால், உன் வெற்றி நேர்மையானது என்று சொல்லிவிட்டு, இனி அந்தப் பலகையைத் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்


21 மார்ச்

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “கோர்ட்டு நோட்டீஸா சார்?” என்று கேட்டார். “இல்லப்பா, எங்க அத்தான் நலம் விசாரிச்சிருக்கார்” என்றேன்.

முதலில் ஒன்று. சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். நாற்பத்து நான்கு வருடமாக எந்த விசேஷத்திலும் என் பேச்சை நடுவில் நிறுத்தித் தேதி திருத்தியவர் நீங்கள். என் மகள் பிறந்த நாளை என்னிடமே திருத்தினீர்கள். அந்த ஒரு சாயங்காலம் அட்டை என் பக்கம் நின்றது. விடுவேனா?

இரண்டாவது: தபாலில் எப்படி ஆடுவது? கேள்வியை அனுப்பினால் உங்கள் பேரன் போனை எடுத்து நாலு விநாடியில் விடை சொல்லிவிடுவான். என் பேத்திக்கு மூன்று விநாடி போதும்.

அதற்கு வழி சொன்னால் ஆடத் தயார். நானும் பலகையை மேஜைமேல் விரித்துவிட்டேன். கண்ணாடிக் கடையை மருமகனிடம் விட்ட பிறகு எனக்கும் பொழுது போகவில்லை.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள்
மைத்துனன்


எண் 2
25-3-2019, திங்கட்கிழமை, காலை 10.05

மைத்துனனுக்கு,

நீ எழுப்பிய தடை நியாயமானது. வழி இதுதான்: எந்த நூலிலும் எந்தத் தொலைபேசியிலும் இல்லாத கேள்விகளையே கேட்க வேண்டும். நம் குடும்பத்தில் நடந்தவை. உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியக்கூடியவை. கேட்பவர் விடையை எழுதி, உறையில் ஒட்டி, மன்றச் செயலாளரிடம் கொடுத்துவைக்க வேண்டும். தகராறு வந்தால் மட்டுமே பிரிக்கலாம். மற்றபடி விதிகள் மாறா: சரியான விடைக்குக் காவலர் நகர்வார் அல்லது வாசலைப் பிடிப்பார், தவறினால் எதிராளி ஒரு சுவர் எழுப்புவார், ஏழு வாசலையும் முதலில் பிடித்தவர் வென்றவர்.

உன் அக்காவைக் கேட்டதாகச் சொல்லிவிட்டேன். “ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?” என்றாள். இதையே உனக்குப் பதிலாகவும் அனுப்பச் சொன்னாள்.

முதல் கேள்வி. என் தந்தையார் காலமான 7-10-1979 ஞாயிற்றுக்கிழமை, கடும் காய்ச்சல் என்று சொல்லியனுப்பி நீ வராமல் இருந்தாய். அன்று மாலை ஆறு மணிக்கு நீ எங்கே இருந்தாய்?

என் வலப்புறக் காவலர் மூன்றாம் கட்டத்தில் நிற்கிறார்.

இப்படிக்கு,
மேற்படியான்


29 மார்ச்

அத்தான்,

அடேயப்பா. நாற்பது வருடம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டா என் வீட்டில் வந்து காபி குடித்தீர்கள்?

சினிமாக் கொட்டகையில் இருந்தேன். முன்னாலிருந்து இரண்டாவது வரிசை. கூட்டாளிகள் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். வயது இருபத்து நாலு, புத்தி பதினாலு. போதுமா? என் காவலரை நகர்த்திவிட்டேன்.

உங்கள் உறையில் இல்லாத, உங்களுக்குத் தெரியாத பாதியையும் சொல்கிறேன். படம் பாதியிலேயே எழுந்து வந்து உங்கள் தெருமுனை வரை நடந்தேன். நீங்கள் வாசல்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தீர்கள். நீங்கள் அழுது அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் இல்லை. எப்படி முகத்தில் விழிப்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

இப்போது என் முறை. 1982இல் என் கல்யாணத்தில் சாப்பிடாமல் எழுந்து போனீர்கள். தலைவலி என்றீர்கள். அம்மா அன்று முழுக்க, “மாப்பிள்ளை சாப்பிடாம போயிட்டாரே” என்று புலம்பித் தீர்த்தாள். உண்மையான காரணம் என்ன?

மைத்துனன்


எண் 3
2-4-2019, செவ்வாய்க்கிழமை, காலை 9.40

மைத்துனனுக்கு,

4-2-1982, வியாழக்கிழமை. தலைவலி இல்லை. அழைப்பிதழில் உன் சித்தப்பாவின் பெயருக்குக் கீழே ‘தலைமை ஆசிரியர்’ என்று இருந்தது. உன் மாமாவின் பெயருக்குக் கீழே ‘மேலாளர்’ என்று இருந்தது. என் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் அப்போது ஆவணப் பிரிவின் கண்காணிப்பாளர்.

இதை எழுதும்போது எனக்கே சிறுமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் விடை விடைதான். உன் கோட்டையின் முதல் வாசலைப் பிடித்துக்கொள்கிறேன்.

இந்த ஆட்டத்தின் இயல்பு இப்போது எனக்கு விளங்குகிறது. இங்கே கேள்வி கடினமாக இருக்கத் தேவையில்லை. விடையை எழுதக் கை கூச வேண்டும், அவ்வளவே. கூசியவன் தோற்பான்.

எனவே இரண்டாம் கேள்வி. 12-8-1983 வெள்ளிக்கிழமை, என் துறைத் தேர்வுக்கு ஒன்பது நாள் முன்பு, உன் கடையிலிருந்து எனக்கு ஒரு புதுக் கண்ணாடி செய்து கொடுத்தாய். அதில் இருந்த கோளாறு என்ன? அதை நீ அறிந்தது என்றைக்கு? இரண்டு பகுதிக்கும் விடை வேண்டும்.

இப்படிக்கு,
மேற்படியான்


6 ஏப்ரல்

அத்தான்,

வலது கண்ணாடி இடப்பக்கமும் இடது கண்ணாடி வலப்பக்கமும் மாறிவிட்டது. மூன்றாம் நாள் அளவுச் சீட்டைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அதற்கு முந்திய வாரம்தான் என் கடைத் திறப்பு. வந்தவர்கள் எல்லார் முன்னாலும், “இவனுக்குக் கண்ணாடி விக்கத் தெரியும், கண்ணுதான் தெரியாது” என்று சொல்லிச் சிரிக்க வைத்தீர்கள். சரி, இவர் நாலு நாள் தலைவலியோடு திரியட்டும், அப்புறம் மாற்றித் தருவோம் என்று விட்டேன். தேர்வு அவ்வளவு அருகில் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது நீங்கள் எழுதிவிட்டு வந்தாயிற்று.

உங்களுக்குப் பதவி உயர்வு ஆறு வருடம் தள்ளிப் போனது. அதற்கு நான் காரணம். இதோ, எழுதிவிட்டேன். கை கூசவில்லை; இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அது வேறு.

உங்கள் கோட்டையின் முதல் வாசல் என்னுடையது. நடுப்பக்கம் கவனம், நீங்கள் பழைய கணக்கைக் கிளறிக்கொண்டிருந்தபோது நான் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன்.

மைத்துனன்


எண் 9
26-4-2019, வெள்ளிக்கிழமை, காலை 9.15

மைத்துனனுக்கு,

நடுப்பக்கத்தை நான் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தேன். அங்கே நீ நான்கு சுற்று செலவழித்தாய். அதற்குள் என் இடப்புறக் காவலர்கள் இருவரும் உன் மதிலை அடைந்துவிட்டனர். பலகையைப் பார்த்துக்கொள். உன் வாசல்கள் ஐந்து என் கையில். என்னுடையவை ஐந்து உன் கையில்.

தபால்காரர் இப்போது தாமாகவே நின்று, “சார், இன்னைக்கு அவரோட முறையா, உங்க முறையா?” என்று கேட்கிறார். உன் அக்கா இதை விரும்பவில்லை. கடிதங்களை நான் வழக்கம்போலச் சாப்பாட்டு மேஜைமேல்தான் வைக்கிறேன். அவள் அவற்றைத் தொடுவதுமில்லை.

கேள்வி. 11-9-2011 ஞாயிற்றுக்கிழமை, உன் மகள் திருமணத்தில், உன் உடன்பிறந்த ஒரே அக்காவுக்கு ஐந்தாம் வரிசையில் இடம் ஒதுக்கப்பட்டது. முன்வரிசையில் உன் மனைவியின் தோழிகள் அமர்ந்திருந்தனர். அவ்வாறு இடம் ஒதுக்கியது யார்?

இப்படிக்கு,
மேற்படியான்


30 ஏப்ரல்

அத்தான்,

விடை தெரியும். எழுத மாட்டேன்.

இது உங்களுக்கும் எனக்கும் நடுவில் நடக்கிற சண்டை. என் மனைவி இதில் எங்கே வந்தாள்? அவள் உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். தாளை மடித்து வைத்தாள். எழுந்து போய்விட்டாள். இரண்டு நாளாக வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

சுவரைக் கட்டிக்கொள்ளுங்கள். விதியில் இல்லாவிட்டாலும் ஆறாவது வாசலையும் பிடித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருங்கள்.

ஆனால் ஒன்று. எல்லையைத் தாண்டியது நீங்கள். இனி நான் தாண்டினால் என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி வேறு தாளில் அடுத்த தபாலில் வரும். யோசித்துத்தான் அனுப்ப வேண்டும்.

மைத்துனன்


4 மே

அத்தான்,

இடையில் வந்த உங்கள் கேள்விக்குச் சரியாகச் சொல்லி நானும் ஆறு வாசல் பிடித்துவிட்டேன். ஆளுக்கு ஆறு. உங்கள் காவலர் ஏழாவது வாசலுக்கு முன்னால் நிற்கிறார். சரியாகச் சொன்னால் நீங்கள் வென்றீர்கள். தவறினால் சுவர், அடுத்த நகர்விலேயே நான் உள்ளே வந்துவிடுவேன். இதற்கு நீங்கள் சரியாகச் சொல்லப்போவதில்லை.

ஊருக்கெல்லாம் தேதி சொல்பவர் நீங்கள். உங்கள் வீட்டுத் தேதி ஒன்றைச் சொல்லுங்கள்.

அக்கா பெட்டி கட்டிக்கொண்டு, உங்களை விட்டுவிட்டு, என்னோடு பேருந்து நிறுத்தம் வரை வந்த நாள் எது? நாள், மாதம், வருடம்.

செயலாளரிடம் உறை கொடுத்தாயிற்று.

மைத்துனன்


எண் 12
10-5-2019, வெள்ளிக்கிழமை, பகல் 11.30

மைத்துனனுக்கு,

23-6-1988, வியாழக்கிழமை.

அலுவலகத்தில் மின்சாரம் போனதால் எங்களை 2.45 மணிக்கே விட்டுவிட்டார்கள். 3.10க்கு நான் பேருந்து நிறுத்தத்தை அடைந்தேன். நிழற்குடையின் கீழே பழுப்பு நிறப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உன் அக்கா அமர்ந்திருந்தாள். நீ நின்றுகொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாய். எதிரே இருந்த மருந்துக் கடையின் பக்கவாட்டில் நான் நின்றேன். மூன்று பேருந்துகள் வந்தன. ஒவ்வொரு முறையும் நீ பெட்டியைத் தூக்கினாய். ஒவ்வொரு முறையும் அவள் அதைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். 4.02க்கு அவள் எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் வழக்கமான 5.40 வரை பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு வீட்டுக்குச் சென்றேன். குளிக்க வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். அதற்குமேல் அவ்விஷயத்தை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழாவது வாசலைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்தது.

என் மனைவியை என் வீட்டிலிருந்து அழைத்துப் போக வந்தவன் நீ என்பதை அறிந்துகொண்டே முப்பத்தோரு ஆண்டுகள் உனக்கு எதிரே அமர்ந்து காய் நகர்த்தியிருக்கிறேன். பாலமும் அட்டையும் உனக்குப் பெரிதாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு உன்னை ஊரறிய எழுந்து நிற்கவைக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. 25ஆம் தேதி மாலை 5.50க்கு நான் முன்வரிசையில் இருப்பேன். ஒலிபெருக்கிக்கு நெருக்கமாக நின்று, நிறுத்தி நிறுத்திச் சொல்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் 4ஆம் தேதிக் கடிதத்தையும் நான் மேஜைமேல் வைத்தேன். இந்த முறை உன் அக்கா அதை எடுத்துப் படித்தாள். நின்றபடியே இரண்டு தரம் படித்தாள்.

“அவன்கிட்ட மட்டும் சொன்னதை, ஆட்டத்துல ஜெயிக்கறதுக்காக எடுத்து வெச்சுட்டானா?” என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் உனக்கு நன்றி சொல்லலாம். உன்னை அவள் இவ்வளவு தாழ்வாக ஒருநாளும் பேசியதில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். “பதில் எழுதியாச்சா?”

எழுதிவைத்திருந்த தாளை நகர்த்தினேன். படித்தாள்.

“மருந்துக்கடை ஓரமா அம்பது நிமிஷம் நின்னீங்களா?”

“ஐம்பத்திரண்டு.”

“மூணு பஸ்ஸையும் எண்ணுனீங்க.”

“ஆமாம்.”

“நான் ஏன் கிளம்பினேன்னு தெரியுமா? சரி, அதை விடுங்க. ஏன் திரும்பி வந்தேன்னு தெரியுமா?”

பேனாவை மூடினேன். குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே சென்றாள்.

அவ்விரண்டு வினாவுக்கும் என்னிடம் விடை இல்லை. அன்று நிழற்குடையில் நீ அவளோடு ஐம்பத்திரண்டு நிமிடம் பேசியிருக்கிறாய், உன்னிடம் இருக்கும். வேண்டிக் கேட்பதாக எண்ணிக்கொள்ளாதே. குறிப்பு முழுமை பெற வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன். இயன்றவரை விரைவாக எழுதவும்.

இப்படிக்கு,
மேற்படியான்


27 மே

அத்தான்,

சொல்லிவிட்டேன். ஒலிபெருக்கிக்கு நெருக்கமாக நின்று, நிறுத்தி நிறுத்தி. “பாலம் திறந்தது எழுபத்தஞ்சுல. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எங்க அத்தானைத் தோக்கடிச்சேன்.” யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பின்வரிசையில் அன்று கூவியவர் எழுந்து வெளியே போய்விட்டார். மார்ச்சில்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோப்பை வாங்கினேன். அதையும் செயலாளர் மேஜையில் வைத்துவிட்டேன். அதை வைக்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை.

முன்வரிசையில் உங்களுக்கும் அக்காவுக்கும் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். 5.50க்கு அக்கா மட்டும் வந்தாள். நீங்கள் வருவீர்கள் என்று ஆறே கால் வரை தொடங்க வேண்டாம் என்றேன். நீங்கள் வரவில்லை. இத்தனை வருடம் காத்திருந்து வாங்கிய என் தோல்வியைப் பார்க்க நேரில் வரக் கூடாதா, அத்தான்?

முடிந்ததும் அக்காவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “உன்னோட எனக்கு இனிமே பேச்சு இல்லடா” என்றாள். அறுபத்து நாலு வயதில் நடுக்கூடத்தில் நின்று அதைக் கேட்டேன். அதுதான் உங்களுக்கு வேண்டியிருந்தது என்றால், பெற்றுக்கொண்டீர்கள்.

நீங்கள் கேட்டிருந்த இரண்டு கேள்விக்கும் எனக்கு விடை தெரியும். அன்றைக்கே சொன்னாள். நான் எழுதப்போவதில்லை. ஒரு தடவை அவள் விஷயத்தை எடுத்து வைத்ததே போதும். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, இதை உங்களுக்குச் சொல்லாமல் இருப்பது எனக்கு இனிக்கிறது.

ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேச்சு இல்லை என்றவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நீங்கள் என்னைக் காரணம் கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னேன். திரும்பினாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

“உனக்குக் கடுதாசி போட்டுக் கேக்கறாரா?” என்றாள். “நான் அடுத்த ரூம்லதானடா இருக்கேன்.”

மைத்துனன்